பிரஷர் மாத்திரையும் இருமலும்

செங்கம் சாலையில் ஒரு லாட்ஜின் வரவேற்பில் வேலை பார்த்தேன். பிரஷருக்கு மாத்திரை போட ஆரம்பித்த மூன்றாவது வாரம் வறட்டு இருமல் பிடித்தது. "டிபியா இருக்கப்போவுது. நீங்க மேல போயி பெட்ஷீட் மடிங்க" என்று, ரூம் கேட்டு வந்தவர்கள் முன்னாலேயே மேனேஜர் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டரிடம் சொன்னேன். "இந்த மாத்திரை சில பேருக்கு இருமல் குடுக்கும். அப்பவே சொல்லியிருக்கணும்மா" என்று மாற்றி எழுதினார். இருமல் போய்விட்டது. மேனேஜர் மட்டும் என்னைக் கீழே கூப்பிடவேயில்லை.

அடுத்த வருடம் அவருக்கும் பிரஷர் வந்தது. அவர் மேசையில் நான் முன்பு போட்ட அதே மாத்திரை அட்டை இருந்தது. சில நாளில் அதே இருமல். காரணம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பௌர்ணமிக் கிரிவலத்துக்கு வந்து ரூம் கேட்ட கூட்டத்தின் முன்னால் அவர் இருமி இருமிப் பேச முடியாமல் திணறினார். ஒரு குடும்பம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு விலகி நின்றது. படியில் நின்று பார்த்தேன். மனம் குளிர்ந்தது.

மறுநாள் அவர், "மாத்திரை போட்டதுல இருந்துதான் இப்டி. இனிமே போடமாட்டேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் பயந்தேன். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும்.

"நீங்களா நிறுத்தாதீங்க சார். டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்தித் தருவாரு. எனக்கும் இதேதான் ஆச்சு."

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்."

அவர் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார். அந்த வாரமே வரவேற்புக்கு வரச் சொன்னார். மன்னிப்பு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.