பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசை

சேசுநாதரை நம்பியிருக்கிற அக்கா தங்கைகளே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டே பாதி செத்தவள் நான். அதனால் சொல்லிவிடுகிறேன்.

நம்மூர் பஞ்சு மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததற்கு முந்தின வருஷம் எனக்கு இரண்டாவது பிரசவம். நாள் கணக்கில் வலித்தும் பிள்ளை இறங்கவில்லை. கடைசியில் செத்துத்தான் பிறந்தது. ஆண் பிள்ளை. ஞானஸ்நானம் பெறாதது என்று கல்லறை மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். என் புருஷன் சவரிமுத்துதான் கையில் ஏந்திக்கொண்டு போனார். நான் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அழுது முடித்து எழுந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சிறுநீர் என் பேச்சைக் கேட்காமல் தானே போய்க்கொண்டிருக்கிறது. நின்றாலும் போகும், படுத்தாலும் போகும். பழைய புடவையைக் கிழித்து மடித்து வைப்பேன். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் நனைந்துவிடும். தொடையெல்லாம் புண். சாரம் கிராமத்திலிருந்த எங்கள் வீட்டுக் கொடியில் துணி காயாத நாளே கிடையாது.

பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத் தைத்தார்கள். தையல் பிரிந்துவிட்டது. மறுபடி போனேன். வெள்ளைக்கார டாக்டர் பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். நர்ஸம்மா ஒரே வரியில் முடித்தாள்.

"திரும்பத் தைச்சாலும் நிக்குமான்னு சொல்ல முடியாதாம், டாக்டர் முசே சொல்றாரு."

காலில் கட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பை கொடுத்தார்கள். அது தோலை உரித்ததுதான் மிச்சம். நாட்டு வைத்தியர் கொடுத்த கஷாயம் நாக்கைக் கசக்க வைத்தது, வேறொன்றும் செய்யவில்லை. எத்தனை பேர் முன்னால் காலை விரித்துப் படுத்திருப்பேன். எனக்கே என் உடம்பு மேல் கோபம்.

சவரிமுத்து பாயை எடுத்துக்கொண்டு வாசலில் படுக்கப் போனார். அருவருப்பு என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் துணிவில்லை. பூசைக்குப் போவதையும் விட்டேன். உயிர்ப்புத் திருநாளில் வாங்கவேண்டிய பாஸ்கு நன்மைகூட வாங்கவில்லை. கோயில் சுவாமியார் ஆள் அனுப்பி விசாரித்தபோது காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மாதா படத்துக்கு முன்னால் மட்டும் தினமும் அழுவேன். "தாயே, என்னை உலர வை. இல்லாவிட்டால் எடுத்துக்கொள்."

இப்படியிருக்க, என் மூத்த மகள் லூர்து முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாள் வந்தது. வெள்ளைச் சட்டை தைத்தாகிவிட்டது. நான் வரவில்லை என்றேன்.

"நீ வரலைன்னா நானும் நன்மை வாங்க மாட்டேம்மா" என்று அழுதாள்.

நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது நமக்குத் தெரிந்ததே. நான் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே நாக்கில் ஈரம் படவிடவில்லை. குடிக்காவிட்டால் வராது என்பது என் கணக்கு. புத்திகெட்ட கணக்கு. விடியும்போது அடிவயிறு நெருப்பாக எரிந்தது. அப்படியும் போனேன். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில், தரையில் உட்கார்ந்தேன். ஆண்கள் பக்கம் சவரிமுத்து இருந்தார்.

சுவாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற மணி அடித்தது. எல்லோரும் முழங்காலில் குனிந்தோம். குனிந்ததுமே வந்துவிட்டது. கல்தரையில் ஓடியது. முன்னாலிருந்தவள் திரும்பிப் பார்த்து, முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தாள். மூக்கைப் பொத்தியவர்களும் உண்டு. தாயே, இந்த ஒரு பூசை கேட்டேனே, அதுவுமா இல்லை என்று மனசுக்குள் கதறினேன். புடவையைக் கூட்டி ஈரத்தை மறைக்கப் பார்த்தேன்.

யாரோ நடந்து வருகிற சத்தம். சவரிமுத்து. ஆண் பிள்ளை யாரும் கால் வைக்காத பக்கத்துக்கு, எல்லோரும் பார்க்க வந்தார். என் பக்கத்தில் அந்த ஈரத்திலேயே முழங்கால் போட்டார். உபதேசியார் ஓடிவந்தார்.

"இது பொம்பளைங்க பக்கம்பா. எழுந்து போ."

"தெரியுங்க. பூசை முடியட்டும், போறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. என் மகள் நன்மை வாங்கியதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம்.

கோயில் காலியான பிறகு கேட்டேன், ஏன் வாசலில் படுக்கிறீர்கள் என்று. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புள்ளய நெனச்சா அழுவ வந்துடுது. நீ பாக்கக் கூடாதுன்னுதான்." அவ்வளவு நாளும் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம். அன்றைக்குச் சேர்ந்து அழுதோம்.

லூர்து பூமுடியோடு ஓடிவந்து மடியில் உட்காரப் பார்த்தாள். "வேணாம்மா, சட்டை ஈரமாயிடும்" என்றேன்.

"ஆவட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

சகோதரிகளே, நான் இன்னும் உலரவில்லை. கேட்டது கிடைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். மதிலுக்கு வெளியே கிடக்கிற பிள்ளையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வெடிக்கிறது. ஆனால் மாதா என்னைத் தனியாக விடவில்லை. இப்போது தண்ணீர் குடிக்கிறேன், எரிச்சல் குறைந்திருக்கிறது. மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறேன். உங்களில் யாராவது என்னைப்போல் வீட்டுக்குள் ஒளிந்திருந்தால், மாதாவை நம்பி வாருங்கள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது.