வாய்தா வக்கீலின் தராசு

நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் வக்கீலுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. வாய்தா என்றால்தான் தெரியும். எந்த வழக்கானாலும் எழுந்து நின்று தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி வாய்தா கேட்பார். அவர் கற்ற சட்டம் அவ்வளவுதான். பிறப்பதற்கே டாக்டரிடம் வாய்தா வாங்கினாராம். நான் நம்புகிறேன். அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் நம்புவீர்கள்.

பெரிய இரும்பு ஆலை முதலாளி ஒருவர், தன் வழக்குகளையெல்லாம் ஒரே வக்கீலிடம் ஒப்படைக்கப் போவதாகவும், திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும் வாய்தாவுக்குச் சொல்லியனுப்பினார். கிடைத்தால் வாய்தா பெரிய மனிதர். கிடைக்காவிட்டால் பழையபடி ஜெராக்ஸ் சூட்டில் வேக வேண்டியதுதான். மூளையுள்ளவன் வழக்குக் கட்டைப் பிரித்துப் படிப்பான். இவர் லோகோ வரைய ஆள் கூப்பிட்டார்.

டிசைனர் பெண் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். கருநீலத்தில் ஒரு தராசு. ஒரு தட்டில் வாய்தாவின் முதலெழுத்து. மறு தட்டில் அவருடைய கூட்டாளியின் எழுத்து. கூட்டாளி வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. வேலையெல்லாம் செய்பவன் அவன்தான்.

“தராசு ஏம்மா நேரா நிக்குது?”

“தராசுன்னா நேராத்தானே சார் நிக்கணும்?”

“அப்போ நானும் இவனும் ஒண்ணா? என் தட்டைக் கொஞ்சம் இறக்கு. கனம் தெரியட்டும்.”

மைத்துனன் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இறக்குங்க மேடம். மாமாவோட கனம் நாற்காலிக்குத்தான் இதுவரைக்கும் தெரிஞ்சிருக்கு.”

இறக்கினாள். அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக் கேரியருடன் வந்த மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, என் தம்பி ஜம்முனு மேல நிக்கிறான். நீங்க ஏன் பள்ளத்துல கிடக்கீங்க?”

வாய்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏத்தும்மா, என்னை ஏத்து!”

“ஏத்தினா உங்களுக்குக் கனமில்லேன்னு ஆயிடும் சார்.”

“கனமாவும் இருக்கணும். மேலயும் இருக்கணும்.”

“அதுக்கு தராசைத் தலைகீழாத்தான் மாட்டணும்.”

அவள் கிண்டலாகச் சொன்னாள். அந்த மகானுபாவர் யோசித்தார்! பூமியின் ஈர்ப்பு விசைக்கே தடையுத்தரவு வாங்கிவிடலாம் என்பதுபோல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். கடைசியில், “அடுத்த வாரம் முடிவு பண்ணலாமே” என்றார்.

“திங்கட்கிழமை முதலாளி வர்றாரு மாமா.”

“தொலையட்டும். என்னை மேலயே வை.”

அந்தத் தராசோடு பெயர்ப்பலகை மாடி வாசலில் ஏறியது. திங்கட்கிழமை முதலாளி வந்தார். லாரி லாரியாக இரும்பை எடைபோட்டே பிழைக்கிற மனிதர் அவர். தெருவில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் படியேறினார்.

“தராசுல மேல தொங்குற எழுத்து யாரோடது?”

“என்னோடதுதான்!” வாய்தா நெஞ்சை நிமிர்த்தினார்.

“லேசானதுதானே வக்கீல் சார் மேல போகும்?”

வாய்தா மைத்துனனைப் பார்த்தார். அவன் ஜன்னலைப் பார்த்தான். பல வருடப் பழக்கம் தானாக எழுந்து நின்று கைகட்டிக்கொண்டது.

“பதில் சொல்ல ஒரு வாய்தா வேணும்” என்றார்.

முதலாளி உடனே கொடுத்துவிட்டார். தேதிதான் குறிக்கவில்லை.

ஆலை வழக்கு என்னவாயிற்று என்று யாராவது கேட்டால், ஜெராக்ஸ் சூட்டில் விசிறிக்கொண்டே வாய்தா இன்றைக்கும் சொல்கிறார்: “நிலுவையில இருக்கு.”