கடலுக்குப் போன முப்பத்தெட்டுப் பேரும் ஒரு மீனும்

பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு பஸ் ஓட்டுவது, கூண்டு இல்லாமல் நாற்பது கோழிகளை மலையிறக்குகிற வேலை. இந்தப் பாடு பட்ட டிரைவர்மாரே, டீச்சர்மாரே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எனக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் நமுனுகுல மலை வளைவுகளில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அங்கே ஒரு வளைவில் திரும்பினால் என் பஸ்ஸின் பின்பக்கமே எனக்கு எதிரே வரும். "ஒதுங்கிப் போடா!" என்று ஹோன் அடித்து அதைத் திட்டியிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரைப் பொத்துவில் கடலுக்குக் கூட்டிப்போனேன். ஒருவரும் அதுவரை கடலைக் கண்டதில்லை. இருட்டுவதற்குள் பிள்ளைகள் லயத்து வீடுகளுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது பள்ளி அதிபரின் கட்டளை. கணக்குப் பார்த்தால் கடற்கரையில் கிடைப்பது ஒரு மணி நேரம். அதற்குள் அத்தனை பேரும் கால் நனைத்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை நானே கெடுக்கப் பார்த்த கதைதான் இது.

விடியற்காலைப் பெரட்டு

தோட்டத்தில் வேலைக்கு முன்னால் ஆள் எண்ணுவார்களே, பெரட்டு, அதைப் போல சரோஜா டீச்சர் பஸ்ஸுக்குள் தலை எண்ணினார். முதலில் முப்பத்தாறு. மறுபடி எண்ணினால் நாற்பது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஜன்னல் தாவிக்கொண்டிருந்தால் யாரால் எண்ண முடியும்?

முன் சீட்டில் கௌசல்யா என்று ஒரு வாண்டு. "டீச்சர், எங்க மலையில கங்காணி கூடையத்தான் எண்ணுவாரு. கூடை தாவாதுல்ல? நீங்க சோத்துப் பார்சல எண்ணுங்க" என்றாள். நல்ல யோசனை. எண்ணினார். நாற்பத்தொன்று வந்தது. டீச்சர் தலையில் கை வைத்தார். கௌசல்யா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"அதுல நாலு என்னோடது டீச்சர்."

வாந்திக்கு மருந்து

பசறைக்கு இறங்குவதற்குள் பின் சீட்டு முழுக்க வாந்தி. டீச்சர் தோடம்பழத் தோலைக் கொடுத்து முகரச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை. என்னிடம் அதைவிட நல்ல மருந்து ஒன்று உண்டு: கதை.

பொத்துவில் கடலில் ஒரு மீன் இருக்கிறது, வரிசையாகப் பத்து வீடு உள்ள காம்பரா லயம் அளவுக்கு நீளம் என்று ஆரம்பித்தேன். ஒரு தடவை கொழுந்து லொறியை விழுங்கிவிட்டு, ஏப்பம் விட்டபோது வெளியே வந்தது தேயிலைத்தூள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்கவில்லை. அந்த மீனுக்குப் புதுக் கால் என்றால் உயிர், கடலில் முதல் தடவை கால் வைக்கிறவனை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடும் என்றும் சேர்த்தேன். பஸ் கப்சிப். டீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"வாந்தி நின்னுருச்சு டிரைவரய்யா. இப்ப மூச்சும் நின்னுருச்சு."

மொனராகலை வெயில்

நமுனுகுல குளிருக்கு உடுத்திய ஸ்வெட்டர்களோடு மொனராகலையில் தேநீருக்கு இறங்கினார்கள். வெயில் எப்படியென்றால், என் தலையில் தேய்த்த எண்ணெயில் வடை பொரிக்கலாம். ஸ்வெட்டரைக் கழற்றிக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். கடைக்காரரை அண்ணாந்து பார்த்து ஒரு குட்டிப்பயல் கேட்டான்:

"மாமா, இந்த ஊருக்கு அடியில யாருங்க அடுப்பு மூட்டி வச்சது?"

முப்பது அடி தூரத்தில்

கடல் தெரிந்ததும் எல்லாரும் ஒரே பக்கத்து ஜன்னல்களில் முண்டினார்கள். தேயிலை மலையைப் போல அலையலையாக, ஆனால் நீல நிறத்தில் கிடந்தது. "இது நம்ம தோட்டத்துல எந்த டிவிசன் தாத்தா?" என்று ஒருவன் கேட்டான். இறங்கினார்கள். தண்ணீருக்கு முப்பது அடி இப்பால் வரிசையாக நின்றார்கள். அப்புறம் ஒரு கால் அசையவில்லை.

டீச்சர் முழங்கால் தண்ணீரில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். "டீச்சர் கால் பழைய கால், போன தடவையே நனைஞ்சது" என்றார்கள். மீன் கிடையாது, நான் சும்மா சொன்னேன் என்று சத்தியம் செய்தேன். என் வாழ்நாளில் சொன்ன உண்மைகள் மிகக் குறைவு. அதில் இதையும் ஒருவரும் நம்பவில்லை. இருபது நிமிஷம் போய்விட்டது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாப்பது நிமிசந்தான் இருக்கு. நீங்க விட்ட மீன நீங்களே போய்ப் பிடிங்க!"

டிரைவர் இறங்கினார்

இங்கேதான் ஒரு சங்கடம். கடலுக்கு எத்தனை தடவை பஸ் ஓட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரியுமே, பிள்ளைகள் இறங்கினதும் டிரைவர் பஸ் நிழலில் படுத்துவிடுவான். ஆகவே என் காலும் புதுக்கால்தான். அது கௌசல்யாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "தாத்தா காலும் காஞ்ச கால்டீ!" என்று கத்தினாள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நானே உண்டாக்கின மீன்தான், இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்? நாலாவது அடியில் ஓர் அலை வந்து என்னை அப்படியே உட்காரவைத்தது. மடியளவு தண்ணீரில், வாயில் உப்போடு, கோயில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கரையில் பெரிய அலறல். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அடுத்த அலை மறுபடி உட்காரவைத்தது. கௌசல்யா இடுப்பில் கை வைத்து என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாள்:

"அதோட வாய்க்கு நேராவே தாத்தா உக்காந்திருக்காரு, தொடக்கூட இல்ல. மீனுக்குப் பசியில்ல. வாங்கடா!"

முப்பத்தெட்டுப் பேரும் என் மேலேயே வந்து விழுந்தார்கள். நேரம் முடிந்தும் ஒருவரும் தண்ணீரை விட்டு வரவில்லை. அவர்களைக் கரையேற்றுவதற்குப் புதிதாக ஒரு மீனை நான் விடப்போக, டீச்சர் என் வாயைக் கையால் பொத்திவிட்டார்.

பஸ்ஸுக்கு பிரேக் வைத்தவர்கள் டிரைவருடைய வாய்க்கும் ஒன்று வைத்திருந்தால், இந்தத் தொழில் நிம்மதியாக இருந்திருக்கும், ஆனால் கதை விடாத டிரைவரை யாரும் டிரிப்புக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.