மூன்று மடக்குத் தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நோன்பு மாதம் சரியாகக் கத்திரி வெயிலில் வந்து மாட்டிக்கொண்டது. சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் டீத்தூள் போடுகிற பதத்தில் தண்ணீர் வரும். இந்த வெயிலில் சிறுபிள்ளைகள் முழு நோன்பு வைக்கக் கூடாது என்று அம்மா தடை போட்டிருந்தாள். ஆசையாக இருந்தால் பள்ளிவாசலில் பகல் பாங்கு சொல்லும் வரைக்கும் அரை நோன்பு வைக்கலாம். இரண்டு அரை நோன்பு சேர்ந்தால் ஒரு முழு நோன்பு என்று சொல்வார்கள். பிள்ளைகளை ஏமாற்றப் பெரியவர்கள் கண்டுபிடித்தவற்றில் இதுதான் மிக மட்டமானது.

பெரியம்மா மகன் என்னைவிட மூன்று மாதம் இளையவன். போன வாரம்தான் முதல் முழு நோன்பை முடித்திருந்தான். அவன் கழுத்தில் பூமாலை போட்டு, புதுச் சட்டை மாட்டி, கையில் ஒரு வாட்சும் கட்டி, தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார்கள். அந்த வாட்சை அவன் என் மூக்குக்கு நேராக நீட்டி மணி சொன்ன நிமிடமே நான் முடிவு செய்துவிட்டேன். மறுநாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குப் பெரியவர்களோடு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டேன். அரை நோன்புக்கு எதற்கு இவ்வளவு சோறு என்று அம்மாவுக்குச் சந்தேகம் வரவில்லை.

அம்மா தையல்காரி. பெருநாள் துணி வீடெல்லாம் குவிந்து கிடந்ததால், நான் காலடியில் சிக்காமல் இருக்க அன்றைக்கு என்னை மாமாவோடு அனுப்பினாள். ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சோறு, ஒரு பெரிய பாட்டிலில் தண்ணீர். பகல் பாங்கு சொன்னதும் சாப்பிட்டுவிட வேண்டும் என்று மூன்று முறை சொன்னாள். நான் நான்கு முறை தலையாட்டினேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பத்தாம் வகுப்பு இரண்டு தடவை எழுதியும் வரவில்லை. வேலை எதுவும் ஆறு மாதத்துக்கு மேல் ஒட்டாது. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்பைக்கூட விட்டவரில்லை. பைக்கிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக் கிடந்த வருஷம்கூட விடவில்லை. அம்மா காய்ச்சலில் விட்ட நோன்புகளைப் பெருநாளுக்கு மறுநாளிலிருந்து களா என்று ஒவ்வொன்றாக வைத்து ஈடுகட்டுவாள். மாமாவுக்கு அப்படி ஒரு பாக்கியும் இருந்ததில்லை. அவரை உருப்படாதவன் என்று திட்டி முடிக்கும்போதெல்லாம் பெரியம்மாவே, "ஆனா நோன்புல மட்டும் அவன அடிச்சிக்க ஆள் இல்ல" என்பார். குடும்பத்தில் மாமாவுக்கு இருந்த ஒரே நல்ல பெயர் அதுதான்.

அந்த வருஷம் அவருக்கு வேலை தரமணியில். ஆபீஸ் கட்டடங்களுக்குப் பின்னால் காலி மைதானம் ஒன்றில் லாரி லாரியாக மண் கொட்டி, மேடும் பள்ளமுமாக ஒரு பாதை போட்டு, ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கி, கோடை விடுமுறைக்காக நாலு சக்கர பைக் ஓட்டவிட்டார்கள். தடித்தடி டயர், உறுமல், வெயிலில் நின்றால் காலைச் சுடும் இன்ஜின். மாமா அங்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், மெக்கானிக், மண்ணில் தண்ணீர் தெளிப்பவர், எல்லாமே அவர்தான். பதினோரு மணிக்கு வண்டிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார். நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார். முழுக்கைச் சட்டையும் ஷூவும் இல்லாதவனை ஏற்றமாட்டார். ஹெல்மெட்டுக்கு அடியில் கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு கட்டுவார். அஞ்சு சுற்று முடிந்ததும் கட்டாயம் இறங்கி நிழலில் உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் வைத்திருந்தார்: "தண்ணி குடிச்சாதான் சாவி. என் கண்ணு முன்னாடி குடிக்கணும்." நாக்கு வறண்டு நிற்கிற மனிதர், வருகிறவர்களுக்கெல்லாம் தம்ளர் தம்ளராக ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

பகல் பாங்கு தூரத்தில் கேட்டது. எலுமிச்சைச் சோற்றைத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த நாய்க்கு வைத்தேன். தண்ணீரில் பாதியை மண்ணில் கொட்டினேன். அது சத்தத்தோடு உள்ளே இறங்கியபோது என் தொண்டை தானாக ஒருமுறை விழுங்கியது. வண்டிக்கு அடியில் படுத்திருந்த மாமா, "இன்னா பாப்பா, சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். நோன்பில் பொய் சொல்லலாமா என்ற பயம் அப்போது பிடித்தது. தகரக் கூரை மேலிருந்து காய்ச்ச, நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய முள் நகர்வதாகத் தெரியவில்லை.

நாலு மணிக்கு மாமா எனக்குச் சின்ன வண்டியை எடுத்தார். சிறுவர் வண்டிக்குப் பின்னால் ஒரு கயிறு தொங்கும். அதை இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். ஓட்டுகிற பிள்ளையின் பின்னாலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாமா ஓடி வருவார். கழுத்தில் துண்டைக் கட்டினார். தம்ளரை நீட்டினார். நான் வாய் நிறைய வாங்கி அடக்கிக்கொண்டேன். அவர் குனிந்து சாவியைப் போட்டபோது முழுவதையும் துண்டில் துப்பினேன்.

முதல் சுற்று முழுக்க எனக்கு ஒரே கவலை. ஒரு சொட்டு உள்ளே போயிருக்குமோ? போயிருந்தால் நோன்பு முறிந்ததா, ஒரு சொட்டுக்கு முறியுமா? இரண்டாவது சுற்றில் தலை விண்விண் என்று வலித்தது. மூன்றாவதில் ஒரு விசித்திரம் நடந்தது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. கையெல்லாம் புல்லரித்து நின்றது. வேர்வை ஒரு பொட்டுகூட இல்லை. செத்துப்போகப் போகிறேன் என்று நிஜமாகவே நினைத்தேன். நோன்போடு செத்தால் நேரே சொர்க்கம் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியும் எனக்குச் சாக விருப்பமில்லை. டயர் அடுக்கு என்னை நோக்கி வந்தது. கைப்பிடியைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் கை கேட்கவில்லை. பின்னாலிருந்து கயிறு வெடுக்கென்று இழுபட, வண்டி டயரில் லேசாக முட்டி நின்றது.

மாமா என்னைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பக்கத்து வேப்பமர நிழலுக்கு ஓடினார். ஹெல்மெட்டைக் கழற்றினார், ஷூவைக் கழற்றினார், சட்டைப் பொத்தானைத் திறந்தார், ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து அட்டையால் விசிறினார். "இன்னாமா ஆச்சு? தண்ணி குடிச்சியே! ஏன் இப்டி காயுது ஒடம்பு?"

பாட்டிலை வாயருகே கொண்டுவந்தார். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன். பிறகு, "நோன்பு வெச்சிக்கினு கீறேன் மாமா" என்றேன்.

"அது மத்தியானமே முடிஞ்சிபோச்சே?"

"முழு நோன்பு."

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்கவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கடமை இல்லை என்றார், உடம்புக்கு முடியாவிட்டால் விட்டுவிடலாம் என்றார், வாட்ச் நான் வாங்கித் தருகிறேன் என்றார். கெஞ்சினார். இன்னும் இரண்டரை மணி நேரம்தான், நான் விடுவதாக இல்லை. "நீங்க மட்டும் குடிக்காம கீறீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

மாமா ஒருமுறை என்னைப் பார்த்தார். பிஸ்மில்லா சொல்லிப் பாட்டிலைத் தூக்கி மூன்று மடக்குக் குடித்தார். குரல்வளை மூன்று தடவை ஏறி இறங்கியதை எண்ணினேன்.

"தோ பாரு, என் நோன்பும் போச்சு. இப்பக் குடி."

குடித்தேன். பாட்டில் காலியாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அரைமணி நேரம் கழித்து வேர்வை வந்தபோது மாமா தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்கோ அவர்மேல் இளக்காரம். பெரிய ஆள் என்கிறார்கள், தாகம் தாங்காமல் என் சாக்கில் குடித்துவிட்டாரே என்றுதான் தோன்றியது. ஆனாலும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். சொல்லமாட்டேன் என்றார். அந்தச் சாயங்காலம் எல்லோரோடும் உட்கார்ந்து, பாங்கு சொன்னதும், பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் வைத்தார்.

பெருநாள் அன்று பெரியம்மா வீட்டில் விருந்து. அவர் மகன் வாட்சைக் காட்ட, பெரியம்மா என்னைப் பார்த்து, "நம்ம பொண்ணு அரை நோன்புக்காரி" என்று சிரித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. "மாமாவே பட்டப்பகல்ல தண்ணி குடிச்சாங்க! நான் பாத்தேன்!" என்று கத்தினேன்.

எல்லோரும் மாமா பக்கம் திரும்பினார்கள். பெரியம்மா, "இன்னாடா, நெஜமா?" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்க மாமாவுக்கு ஒரு வாக்கியம் போதும். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமாக்கா. வெயிலு தாங்கல" என்றார். பெரியம்மா, "அதானே, உங்கிட்ட அது ஒண்ணுதான் இருந்துச்சி" என்று எழுந்து போனார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஜெயித்தது நான்தான், ஆனாலும் மாமா பக்கம் பார்க்காமலே இருந்தேன்.

மறுநாள் மாமா ஒன்றுமே நடக்காததுபோல வந்து என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அம்மா இரண்டு பேருக்கும் மிச்சமிருந்த பிரியாணியைக் கட்டிக்கொடுத்தாள். வேப்பமர நிழலில் நான் சாப்பிட்டேன். அவர் தன் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. பசியில்லை என்றார். வண்டி ஏறும் முன் வழக்கம்போல் தம்ளரை நீட்டினார். அவர் கண் முன்னால் முழுவதையும் குடித்துவிட்டு, பயந்து பயந்து அவருக்கும் ஒரு தம்ளர் ஊற்றி நீட்டினேன்.

"இன்னிக்கு உனக்கு மட்டும்தான்" என்று சிரித்துக்கொண்டே அதை வாங்கி வேப்பமரத்தடியில் ஊற்றினார்.

என்மேல் இருந்த கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அஞ்சு சுற்று ஓட்டினேன். ஐந்து சுற்றும் அவர் வெயிலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தார். இறங்கியதும் எனக்கு மறுபடி பசித்தது. அவருடைய பொட்டலத்தையும் பிரித்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து, நானே தின்று தீர்த்தேன்.