குமட்டாத மத்தியானம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது நடந்ததுதான். இப்போதெல்லாம் பஸ்ஸில் குமட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்.

அப்போது நான் பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். விஆர் ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, இன்னும் கட்டாத வீடுகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் குமட்டுகிறது என்று சொல்ல வேண்டும். ஜன்னல் சீட் கிடைக்காவிட்டாலே வயிற்றைப் புரட்டும் ஆள் நான். அதனால்தான் அந்த வேலையே கிடைத்தது. ஆபீசில் என் பெயரே 'வாந்தி'தான். நாற்காலியில் நான், கால்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வாளி.

அன்று மத்தியானம் ஒரு புது வீடு. கம்ப்யூட்டரில் வீடுகளை வரையும் அக்கா ஹெட்செட்டை மாட்டிவிட்டார்.

"நான் சாப்பிட்டு வந்துடறேன். முடியலன்னா கழட்டிடு. வீரம் காட்டாத."

உட்கார்ந்தபடியே கையிலிருந்த பொத்தானை அழுத்தி அந்த வீட்டுக்குள் நடந்தேன். ஹால்... சமையலறை... வழக்கமாக இங்கேயே வாளியைத் தேடுவேன். அன்று ஒன்றுமே இல்லை. எனக்கு ஒரே குஷி. வீட்டுக்காரியிடம் போன் போட்டுப் பீற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

படுக்கையறையைத் தாண்டி ஒரு பால்கனி. நல்ல வெயில். முகத்தில் காற்று பட்டது...

"தலை சுத்தாது. வா."

ஆண் குரல். இந்த வீட்டில் குரலையும் சேர்த்துவிட்டார் போல அக்கா.

"இன்னும் ஒரு அடி."

அப்போதுதான் சுருக்கென்றது. கண் மட்டும் நகர்ந்து, உடம்பு நகராமல் இருந்தால்தான் குமட்டும். அக்கா சொல்லித் தந்த பாடம். அப்படியென்றால், குமட்டவில்லை என்றால்...

காலால் வாளியைத் துழாவினேன்.

இல்லை.

நாற்காலியும் இல்லை.

ஹெட்செட்டைப் பிடுங்கினேன்.

எங்கள் ஆபீஸ் இருக்கும் ஆறாவது மாடி. திறந்த ஜன்னல். என் ஒரு முழங்கால் விளிம்பின்மேல் இருந்தது. கீழே கார்கள். என் ஒன்றரை வயது மகளின் முகம் வந்து போனது.

அப்போது வந்தது பாருங்கள் வாந்தி. பின்னால் விழுந்து தரையிலேயே எடுத்தேன்.

அக்கா திரும்பி வந்ததும் பால்கனியைப் பற்றிச் சொன்னேன்.

"எந்த பால்கனி? அந்த வீட்ல பால்கனியே இல்லையே."

குரலைப் பற்றிச் சொன்னேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அன்றுதான் அக்கா உண்மையைச் சொன்னார். அவர் எங்கும் போகவில்லை. இதே ஜன்னல்தான். விழுவதற்குச் சற்றுமுன் அக்காவுக்குப் போன் செய்து, சந்தோஷமாகச் சொன்னாராம்...

"அக்கா, இன்னிக்கு எனக்குக் குமட்டவே இல்ல."