பூபாளிக்கு நான் சொன்ன பதில்

வேலணைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. "மாஸ்டர், உங்கட வயலின் சோடி அருளம்பலம் காலமை மோசம் போயிட்டாராம்" என்றார் கடைக்காரர். சோடி! நாங்கள் சேர்ந்து வாசிப்பதை விட்டே ஒன்பது வருடம். செத்த வீட்டுக்கு நண்பனாகப் போவதா, பிரிந்துபோனவனாகப் போவதா என்று தெரியாமல், வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு நின்றேன்.

அருளம்பலம் அண்ணையை அறிந்த உங்களுக்கு அவருடைய வடக்கத்தி இந்துஸ்தானி வாசிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. லக்னோவில் நாலு வருடம் படித்துவிட்டு வந்தவர். ஒரு சுரத்தில் போய் இருந்தாரென்றால் இலேசில் எழும்பமாட்டார். நான் அவசரப்பட்டால், "ஆறுதலாய் வாரும் ஐசே, சுரம் எங்கயும் ஓடாது" என்பார். நானோ பாட்டுக்காரருக்குப் பக்கவாத்தியம் வாசித்தே தேய்ந்தவன். பாடகர் பாடியதை அச்சொட்டாகத் திருப்பி வாசிப்பதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை.

அந்த மரியாதைதான் வினையாயிற்று. ஒத்திகையில் அவர் ஒரு பிடி வாசித்து நிறுத்துவார். நான் அதையே வாசிப்பேன். ஒருநாள் பொறுமை கெட்டு, "நான் கேட்ட கேள்வியையே திருப்பிக் கேக்கிறீர். பதில் சொல்லும் ஐசே!" என்றார்.

"ஏலாது அண்ணை. பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு நயினாதீவுக் கோயில் திருவிழா. பின்னேரக் கச்சேரி. எனக்கு மோகனம், அவருக்குப் பூபாளி, ராகம் ஒன்றுதான். மண்டபம் நிறைந்த சனம். அவர் மேல் சட்சத்துக்கு ஏறி நிறுத்தினார். எனக்கு என்ன வந்ததோ, அதைத் திருப்பாமல், கீழே இறங்கி நானாக ஒன்றை வாசித்தேன். நாலே சுரம். என்னைப் பார்த்தார். வில்லை மடியில் வைத்தார். முடியும்வரை எடுக்கவேயில்லை. தந்தி அறுந்துவிட்டதென்று சனம் நினைத்தது. மிருதங்கக்காரர் என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, மங்களம்வரை எப்படியோ தனியே இழுத்து முடித்தேன்.

லோஞ்சுப் படகில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் திரும்பினோம். அவர் காற்றைப் பற்றிக் கதைத்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. ரோசம். அதன்பிறகு அவர் கூப்பிடவுமில்லை, நான் போகவுமில்லை.

செத்த வீட்டில் அவருடைய மனைவி என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு நயினாதீவால வந்து சாப்பிடவுமில்லைத் தம்பி. 'அவன் பதில் சொல்லிப்போட்டான்' எண்டு மட்டும் சொன்னவர்."

"கோவமாச் சொன்னவரோ அக்கா, சந்தோசமாவோ?"

"எனக்கும் விளங்கேல்லை. உம்மட்டைக் கேக்க வேணுமெண்டு இருந்தனான்."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் அழுகைதான் வந்தது.

அவரால் எனக்கு மிஞ்சியது அந்த நாலு சுரம். என் வாழ்நாளில் யாரையும் பின்தொடராமல் நான் வாசித்தது அவ்வளவுதான். இப்போதும் வயலினை எடுத்தால் விரல் அங்கேதான் போகிறது. ஆனால் மன்னிப்புக் கேட்கிறவனாக வாசிப்பதா, பெருமைப்படுகிறவனாக வாசிப்பதா என்று தெரியாமல் வில் பாதியில் நின்றுவிடுகிறது.