தம்பியின் பதினொரு பிழைகள்

அந்தக் கோடையில் சனிக்கிழமை எனக்கு ஓய்வுநாளாக இருக்கவில்லை. வாரம் முழுக்க மின்தூக்கிகளைச் சோதித்து, வரிக்கு வரி சரி போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு, சனி காலையில் மறுபடியும் ஒரு பேனாவுடன் பேஸ்போல் மைதானத்தின் ஓரத்தில் உட்காருவேன். ஒஸ்லோவில் அந்த ஆட்டம் ஆடுகிறவர்களே சொற்பம். பதிவேடு எழுத ஆள் கிடைப்பதில்லை. "அக்கா லிஸ்ற் எழுதுறதுக்கெண்டே பிறந்தவ" என்று தம்பிதான் என்னை மாட்டிவிட்டான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. மைதானத்தில், ஓடுகிறவர்கள் தொடவேண்டிய இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்பான். பந்து அதிகம் வரும் இடம். போன வருடம் முழுவதும் அது அவனுடையதாக இருந்தது. இந்த ஜூனில் ஸ்தவாங்கர் நகரத்திலிருந்து ஒருவன் குடிமாறி வந்தான். தகப்பனின் எண்ணெய்க் கம்பனி வேலையால் சில காலம் அமெரிக்காவில் வளர்ந்தவன். அவனுக்கும் அதே இடம்தான் வேண்டும்.

பிடிக்கக்கூடிய பந்தை விட்டால் பதிவேட்டில் 'பிழை'. யாராலும் பிடித்திருக்க முடியாததென்றால், அடித்தவனுக்கு 'அடி'. எது எதுவென்று தீர்மானிப்பது பதிவாளர், அதாவது நான். எங்கள் மைதானம் சரளைக்கல் தரை. குளிர்காலத்தில் தண்ணீர் விட்டு உறையவைத்துப் பிள்ளைகள் சறுக்குவார்கள். கோடையில் பந்து கல்லில் பட்டால் எங்கே தெறிக்குமென்று சொல்லமுடியாது.

ஓகஸ்டில் பயிற்சியாளர் யார் யாருக்கு எத்தனை பிழை என்று பட்டியல் கேட்டார். கொடுத்தேன். தம்பிக்குப் பதினொன்று, அணியிலேயே அதிகம். அடுத்த ஆட்டத்தில் ஸ்தவாங்கர்க்காரன் நின்றான். தம்பி மைதானத்து ஓரத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்தான்.

அன்று புருசெத்தில், எங்கள் வீட்டு வாசலில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"அக்கா, போன கிழமை பந்து கல்லிலை பட்டுத் தெறிச்சதைப் பாத்தனியோ இல்லையோ?"

"பாத்தனான்."

"அப்ப ஏன் எனக்குப் பிழை போட்டனி?"

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பியெண்டு விட்டுக் குடுத்தா சனம் என்ன சொல்லும்?"

"எந்தச் சனம், அம்மா? அங்கை தமிழாக்கள் நானும் அக்காவும்தான்!"

தமிழ்ப் பாடசாலைப் பேச்சுப்போட்டிக்கு அம்மா நடுவராக இருந்த வருடங்களில் எங்கள் இருவருக்கும்தான் ஆகக் குறைந்த புள்ளி. சொந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகப் போட்டா என்று ஒருவர் வாயிலும் வரக்கூடாது. எனக்கு அது பிடித்ததேயில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் ரயிலில் பதிவேட்டைத் திறந்தேன். கல்லில் பட்ட பந்துக்கு ஓரத்தில் சின்னப் புள்ளி வைப்பது என் வழக்கம். மற்றவர்களின் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் நேரே 'அடி' என்றிருந்தது. தம்பியின் புள்ளிகள் ஐந்து. ஐந்துக்கும் 'பிழை'. இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன்.

அந்த ஐந்தையும் 'அடி' என்று மாற்றிய என் புதிய பட்டியலைப் பயிற்சியாளர் நின்றபடியே வாசித்தார். "ஆறு என்றால் மற்றவர்களைப் போலத்தான். ஆனால் அதற்காக மட்டும் அவனை உட்காரவைக்கவில்லை. தூரத்துப் பந்துக்கு அவன் இப்போது ஓடுவதேயில்லை. போன வருடம் பாய்ந்து விழுவான்."

தொடாத பந்துக்குப் பிழை இல்லை; ஓடித் தொட்டுத் தவறவிட்டால்தான் அவனுக்கு நான் பிழை போடுவேன். அவன் ஏன் ஓடவில்லை என்று எனக்கு விளங்கியது. அவருக்கும் சொன்னேன். அவர் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சனிக்கிழமை ஒரு ஆட்டம் தருகிறேன். பார்ப்போம்."

அன்று பின்னேரம் தம்பியிடம் சொன்னேன். "அஞ்சையும் மாத்திப்போட்டன். இனி எல்லாருக்கும் போடுறமாதிரித்தான் உனக்கும்."

"நோஸ்க்காரருக்குப் போடுறமாதிரியோ?" நோர்வேக்காரரை வீட்டில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"ஓம், நோஸ்க்காரருக்குப் போடுறமாதிரி."

சனிக்கிழமை இரண்டாவது சுற்றில் தூரத்துப் பந்தொன்றுக்குப் பாய்ந்தான். கல்லில் பட்டு அவன் மணிக்கட்டில் மோதி ஓடியது. விழுந்து கிடந்தபடி முதலில் என்னைத்தான் பார்த்தான். புள்ளி வைத்து 'அடி' என்று எழுதினேன். நான்காவதில் நேராக வந்த இலேசான பந்தைக் கைநழுவ விட்டான். ஆறாவதில் மறுபடி பாய்ந்து, மறித்து, எழுந்து எறிந்தான். அப்போது என் பக்கம் பார்க்கவில்லை.

மட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டே பயிற்சியாளர், "அடுத்த சனியும் நீதான்" என்றார். அதற்கடுத்த வாரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ரயிலில் தம்பி கேட்டான். "எத்தினை போட்டனி?"

"ஒண்டு. நாலாவதிலை."

"அது என்ரை பிழைதான்" என்று யன்னலில் தலை சாய்த்துக் கண்களை மூடினான். புருசெத் வரும்வரை நானும் கண்களை மூடிக்கொண்டேன்.